நூலாலைக்குள் ஒரு விண்கதிர் அறிஞர்

விக்ரம் சாராபாய் என்றதும் நம் மாணவர் நெஞ்சில் எழுவது ராக்கெட்டே. அவர் வாழ்வில் நூலிழையும் ஓடியதைப் பலர் அறியார்.

1919 ஆகஸ்ட் 12 அன்று அகமதாபாத்தில், காலிகோ ஆலை அதிபர் அம்பாலாலின் மகனாகப் பிறந்தார். கேம்பிரிட்ஜில் பயின்றார், போர்க்காலத்தில் பெங்களூரில் சர் சி.வி. இராமனின் கீழ் விண்கதிர்களை ஆராய்ந்தார். 1947-இல் டாக்டர் பட்டத்துடன் திரும்பினார். ஆலையதிபர் கஸ்தூர்பாய் லால்பாய் முதலியோர் அவ்வாண்டு நிறுவிய ஜவுளி ஆராய்ச்சிக் கழகமாகிய 'அட்டிரா'வின் பொறுப்பு அவர் தோளில் விழுந்தது. வயதோ 28, நெசவுத் தொழில்நுட்பம் அவர் படித்ததுமன்று!

விரலால் தடவியே நூலின் தரம் சொன்ன ஆலைகளுக்குள் சோதனைச்சாலைக் கணக்கைக் கொண்டு செல்வது எளிதா? நூலின் நம்பர், வலிமை, சீர்மை ஆகியவற்றை அளந்து, புள்ளியியல் முறையில் தரம் காக்கும் வழக்கத்தை அட்டிரா பரப்பியது. பஞ்சை மட்டுமா, ஆலையில் உழைக்கும் மனிதரையும் ஆராய வேண்டுமென உளவியல் பிரிவு ஒன்றும் கண்டார்; கமலா சௌத்ரி அதனை நடத்தினார். எனக்குப் பெருவியப்பு அளிப்பது இதுவே.

1956 வரை அப்பொறுப்பு வகித்தார். அவ்வாண்டே நம் கோவையில் 'சிட்ரா' தோன்றிற்று. 1963-இல் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் எழுந்தது. அதே தும்பாவுக்கு வந்திருந்த வேளையில், 1971 டிசம்பர் 30 அன்று, கோவளத்தில் தம் 52-ஆம் வயதில் மறைந்தார்.