இடித்துரைக்கும் உரிமை: பிரெடரிக் டக்ளஸின் வாழ்வு

நாட்டைக் குறை கூறுவோன் நாட்டுப்பற்று இல்லாதவனா என்னும் வினா நம் கல்லூரிப் பட்டிமன்ற மேடைகளுக்கு மிகவும் பழக்கமான ஒன்று. பழகிப் போனதனாலேயே அதன் கூர்மையும் மழுங்கிவிட்டது. இரு அணியினரும் கைதட்டல் பெற்று மேடையை விட்டு இறங்கிவிடுகின்றனர். இவ்வினாவை முதுகுத் தழும்புகளோடு வாழ்நாள் முழுதும் எதிர்கொண்டவர் அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் பிரெடரிக் டக்ளஸ். அவர் வாழ்வைப் பயில்வோர்க்கு வினாவின் வடிவமே மாறிவிடும். குறை கூறலாமா என்பதினும் குறை கூறும் உரிமை எவருக்கு உண்டு என்பதே அங்கு முதன்மையான வினாவாக எழுந்து நிற்கிறது.

1818ஆம் ஆண்டில் மேரிலாந்து மாநிலத்தின் டால்பட் வட்டாரத்தில் ஓர் அடிமைத் தாய்க்கு அவர் பிறந்தார். பிறந்த நாள் இன்னதென்று அவருக்குத் தெரியாது; அடிமைகளின் பிறந்த நாளைக் குறித்து வைப்போர் இல்லை. தந்தை ஒரு வெள்ளையர் என்பது மட்டும் ஊர்ப்பேச்சு. தாய் ஹேரியட் பெய்லி பன்னிரண்டு மைல் தொலைவில் இருந்த பண்ணையில் உழைத்தார். பகலெல்லாம் பாடுபட்டு, இரவில் நடந்து வந்து, மகனை அணைத்து உறங்க வைத்து, விடியுமுன் திரும்பிவிடுவார். அத்தகைய இரவுகளும் ஒரு சிலவே. மகனுக்கு ஏறத்தாழ ஏழு வயதானபோது அவர் இறந்தார். இறுதிச் சடங்கிற்குச் செல்லவும் மகனுக்கு இசைவு கிட்டவில்லை.

எட்டு வயதில் சிறுவன் பால்டிமோர் நகருக்கு அனுப்பப்பட்டான். அங்கே ஹியூ ஆல்டு என்பவரின் மனைவி சோபியா அவனுக்கு எழுத்தறிவிக்கத் தொடங்கினார். கணவர் அதைத் தடுத்தார். படித்த அடிமை அடிமையாக இருக்கமாட்டான் என்பது அவர் கூறிய காரணம். விடுதலைக்குரிய வழியைப் பகைவர் வாயாலேயே அறிந்துகொண்டான் சிறுவன். தெருவில் விளையாடும் ஏழை வெள்ளைச் சிறுவர்களுக்கு ரொட்டித் துண்டுகளைக் கொடுத்து எழுத்துகளைக் கற்றான். பன்னிரண்டு வயதளவில் 50 சென்ட் கொடுத்துச் சொற்பொழிவுகளின் தொகுப்பு நூல் ஒன்றை வாங்கி, மறைவாகப் படித்தான். பிற்காலத்தில் அமெரிக்காவின் தலைசிறந்த நாவலர்களுள் ஒருவராக அவர் மலர்ந்ததற்கு அந்நூலே வித்து.

பதினாறாம் வயதில், அடங்காத அடிமைகளை அடித்துப் பணிய வைப்பதில் பெயர்பெற்ற எட்வர்டு கோவி என்பவரிடம் ஓராண்டு விடப்பட்டார். வாரந்தோறும் கசையடி. ஒருநாள் திருப்பித் தாக்கினார். இருவரும் நெடுநேரம் கட்டிப் புரண்டனர். அதன்பின் கோவி அவர்மேல் கை வைக்கவில்லை.

1838 செப்டம்பர் 3ஆம் நாள் மாலுமி உடையில் தொடர்வண்டியேறித் தப்பினார். உரிமைபெற்ற கறுப்பின மாலுமி ஒருவரின் சான்றிதழை இரவல் பெற்றிருந்தார். அச்சான்றிதழின் தலைப்பில் அமெரிக்க நாட்டின் கழுகுச் சின்னம் பொறிக்கப்பட்டிருந்ததாம். நாட்டின் சட்டத்திலிருந்து தப்புவதற்கு நாட்டின் சின்னத்தையே கையில் ஏந்திச் செல்ல நேர்ந்த இந்நிகழ்ச்சியைக் கற்பனையாகப் படைத்திருந்தால் மிகை என்று நாம் தள்ளியிருப்போம். ஒரு நாள் கூட ஆகவில்லை, நியூயார்க் வந்து சேர்ந்தார். தப்புவதற்குத் துணைநின்ற அன்னா மர்ரே என்னும் உரிமைபெற்ற கறுப்பினப் பெண்ணை அங்கே மணந்தார். பின் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நியூ பெட்போர்டு நகரில் குடியேறி, பெய்லி என்னும் பெயரை நீக்கி டக்ளஸ் ஆனார். கப்பல் பலகைகளின் இடுக்குகளை அடைக்கும் கைத்தொழில் அவருக்குத் தெரியும். எனினும் வெள்ளைத் தொழிலாளர் உடன் வேலை செய்ய மறுத்ததால் கூலி வேலைகளே கிட்டின. அடிமைமுறை இல்லாத மாநிலத்தின் விடுதலையும் இந்த அளவினதே.

1841இல் அடிமை ஒழிப்பு இயக்கத்தின் மேடையில் அவர் ஏறினார். இயக்கத் தலைவர் வில்லியம் லாயிட் காரிசன் அவரை ஊர் ஊராக அழைத்துச் சென்றார். இத்துணைச் செம்மையாகப் பேசும் ஒருவர் அடிமையாக இருந்திருக்க முடியுமா என்று கேட்போர் ஐயுற்றனர். ஐயத்தை நீக்க 1845இல் தம் வரலாற்றை எழுதி வெளியிட்டார். ஊரையும் உடைமையாளரையும் பெயர் சுட்டி எழுதியதால் பிடிபடும் அச்சம் மிகுந்தது. அவ்வாண்டே கேம்பிரியா என்னும் கப்பலில் இங்கிலாந்து நோக்கிப் புறப்பட்டார். கப்பலில் அவர் பேச முற்பட்டபோது அடிமைமுறை ஆதரவாளர் சிலர் அவரைக் கடலில் எறிவதாகக் கூச்சலிட்டனர்; அவர்களுக்கு விலங்கு பூட்டுவதாகக் கப்பல் தலைவர் அச்சுறுத்திய பின்னரே அமைதி திரும்பியது.

அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்திலும் அவர் கழித்த ஏறத்தாழ இருபது திங்கள் அவர் எண்ணத்தில் ஆழப் பதிந்தன. வண்டியிலோ விடுதியிலோ வழிபாட்டிடத்திலோ நிறத்தைக் காட்டி எவரும் அவரை விலக்கவில்லை. குடியரசில் கிடைக்காத மதிப்பு முடியரசில் கிடைத்தது. இதை அவர் மேடைதோறும் எடுத்துரைத்தார். அமெரிக்க இதழ்களுக்கும் எழுதியனுப்பினார். வெளிநாட்டு மண்ணில் நின்று தாய்நாட்டைத் தூற்றுகிறார் என்று அங்கே சினம் மூண்டது. 1846இல் இலண்டனில் நடந்த மதுவிலக்கு மாநாட்டில் அவர் பேசியதைக் கண்டித்து அமெரிக்கச் சமயப் போதகர் ஒருவர் இதழில் எழுத, டக்ளஸ் அதற்கு விரிவான மறுப்பு எழுதினார். வீட்டுக் குற்றத்தை வீட்டுக்குள்ளேயே பேச வேண்டும் என்பவர்களுக்கு, வீட்டுக்குள் தம் வாயை அடைத்துவிட்டார்கள் என்பதே அவருடைய விடையின் சாரம்.

பிற நாட்டு உரிமைகளோடு ஒப்பிடும்போது அவர் கண்களை மூடிக்கொள்ளவில்லை என்பதும் நோக்கத்தக்கது. அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் நோயுற்றுப் பெரும்பஞ்சம் தொடங்கிய காலம் அது. டப்ளின் தெருக்களின் இரவலரையும் மண்குடிசைகளின் வறுமையையும் கண்டு வருந்தி எழுதினார். ஐரிஷ் உழவனைவிட அமெரிக்க அடிமை நலமாக இருக்கிறான் என்று வாதிட்டோர்க்கு அவர் இணங்கவில்லை. அவ்வுழவன் ஏழை, ஆயினும் அவன் பிள்ளைகளை ஏலத்தில் விற்க எவராலும் இயலாது.

இவ்விடத்தில் நமக்கு ஓர் உறுத்தல் எழாமல் இராது. டக்ளஸ் உரிமைக் காற்றைச் சுவாசித்த அதே இங்கிலாந்தின் கீழ்த்தான் அன்று நம் நாடு கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில் கிடந்தது. இந்தியாவில் அடிமைமுறையை நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என்னும் சட்டமே 1843இல்தான் வந்தது. கரும்புத் தோட்டங்களுக்கென மொரீசியசுக்கு நம் மக்களை ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிய கப்பல்கள் 1834 முதல் சென்றுகொண்டிருந்தன. ஒரு நாட்டில் உரிமை எவ்வளவு உண்டு என்பதற்கான விடை, அளப்பவர் எங்கே நின்று அளக்கிறார் என்பதைப் பொறுத்து மாறுகிறது. டக்ளஸ் தாம் நின்ற இடத்திலிருந்து நேர்மையாக அளந்தார்.

அங்கேயே தங்கிவிடுமாறு நண்பர்கள் வேண்டினர். நியூகாசில் நகர அன்பர்கள் 150 பவுன் திரட்டி 1846இல் அவருடைய விடுதலையைச் சட்டப்படி விலைக்கு வாங்கினர். மனிதனுக்கு விலை தருவது அடிமைமுறையை ஒப்புக்கொள்வதாகும் என இயக்கத்தாருள் சிலர் குறைகூறினர். 1847இல் அவர் திரும்பினார். திரும்பும் கப்பலில் முதல் வகுப்புக்குப் பணம் கட்டியும் பிற பயணிகளோடு கலக்க இடந்தரவில்லை; அதுவும் ஒரு பிரித்தானியக் கப்பல்!

திரும்பிய சில நாள்களில், மே திங்களில், நியூயார்க் கூட்டமொன்றில் தமக்கு நாட்டுப்பற்று இல்லை எனவும் தமக்கென ஒரு நாடே இல்லை எனவும் வெளிப்படையாக அறிவித்தார். மனிதனாகவே தம்மை ஏற்காத நிறுவனங்களைக் கொண்ட நாட்டின்மேல் பற்று எங்ஙனம் பிறக்கும் என்பது அவருடைய வினா. இதனை நாட்டைத் துறந்தவரின் சொல்லாகக் கொள்வது பொருந்தாது. துறந்தவர் திரும்பி வந்திருக்கமாட்டார்.

பிடிக்கவில்லையென்றால் வேறு நாட்டிற்குப் போ என்னும் பேச்சை எல்லா நாட்டிலும் கேட்கிறோம். அமெரிக்காவிலோ அதற்கென ஒரு சங்கமே 1816இல் அமைக்கப்பட்டிருந்தது. உரிமைபெற்ற கறுப்பர்களை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிக் குடியேற்றுவதே அதன் நோக்கம். டக்ளஸ் அதனை இறுதிவரை எதிர்த்தார். காரிசனும் அரசைக் கடுமையாகச் சாடியவரே. 1854 ஜூலை 4ஆம் நாள் பொதுக்கூட்டத்தில் அரசியலமைப்பின் படி ஒன்றை எரித்தவரும் அவரே. அவரையும் கும்பல்கள் தாக்கியதுண்டு. ஆனால் அவரைக் கப்பலேற்றி அனுப்புவதற்கு எவரும் சங்கம் வைக்கவில்லை. ஒரே குறையை இருவர் கூறும்போது ஒருவரின் சொல் சீர்திருத்தமாகவும் மற்றவரின் சொல் இரண்டகமாகவும் கேட்பது எதனால் என்பதை, தம் பற்றுக்கு நாளும் சான்று காட்டும்படி கேட்கப்படும் மக்கள் நன்கறிவர்.

மன்னனை இடித்துரைக்கும் துணைவரின் இன்றியமையாமையை வள்ளுவர் பெரியாரைத் துணைக்கோடல் அதிகாரத்தில் வலியுறுத்துவதை நாம் வகுப்பில் நடத்துகிறோம். வரி கொள்ளும் முறையைப் பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார் எடுத்துரைத்ததையும் போற்றுகிறோம். அங்கே இடித்துரைப்போர் சான்றோர். அவையில் அவர்க்கு இருக்கை உண்டு. இருக்கை இல்லாதவன் இடித்துரைப்பதே கடினம். டக்ளஸ் பேசப் பேசத்தான் அவருக்குரிய இருக்கை உருவாயிற்று.

1847 டிசம்பரில் ராச்செஸ்டர் நகரில் சொந்தமாக இதழ் தொடங்கினார். அரசியலமைப்பு அடிமைமுறைக்குத் துணைபோவது என்னும் காரிசனின் கொள்கையை முதலில் ஏற்றிருந்தவர், தாமே அதனைப் பயின்று, 1851இல் கருத்தை மாற்றிக்கொண்டார். அதில் அடிமை என்னும் சொல்லே இல்லை; தொடக்கத்தில் மக்கள் என்றிருக்கிறதேயன்றி வெள்ளையர் என்றில்லை. எனவே அது விடுதலைக்குரிய ஆவணமே என வாதிட்டார். இக்கருத்து மாற்றம் இருவர் நட்பையும் முறித்தது. என் பார்வையில் அவர் வாழ்வின் திருப்புமுனை இதுதான். நாட்டின் குறையை நாட்டின் வாக்குறுதியைக் கொண்டே அளக்க இயலும் என்பதை அவர் கண்டார்.

அடுத்த ஆண்டு அவ்வூர்ப் பெண்கள் சங்கத்தினர் விடுதலைத் திருநாள் உரைக்கு அழைத்தனர். ஜூலை 4ஆம் நாளை விடுத்து 5ஆம் நாள் பேசினார். 500க்கு மேற்பட்டோர் திரண்டிருந்தனர். முதற்பகுதியில் நாட்டை நிறுவிய முன்னோரின் துணிவை மனமாரப் பாராட்டினார். அவர்களும் தம் அரசைக் குறை கூறியவர்களே, அதனால் கலகக்காரர் எனப்பட்டவர்களே என்று நினைவூட்டினார். பின்னர்ப் பேச்சின் திசை திரும்பியது. இது உங்கள் திருநாளேயன்றி எங்கள் திருநாள் அன்று எனக் கூறி, 1850இல் வந்த தப்பியோடிய அடிமைகள் சட்டத்தையும் அதற்கு உடந்தையான சமய நிறுவனங்களையும் கடிந்தார். முடிவில் நம்பிக்கையோடு அமர்ந்தார். கேட்டோர் உரையை அச்சிடுமாறு கேட்டு அவ்விடத்திலேயே நூற்றுக்கணக்கான படிகளுக்குப் பெயர் தந்தனர்.

1857இல் கறுப்பர் எவரும் அமெரிக்கக் குடிமகனாக இயலாது என உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டாண்டு கழித்து இங்கிலாந்திலிருந்து பிரான்சு செல்ல விரும்பி டக்ளஸ் கடவுச்சீட்டு கேட்டபோது, அவர் குடிமகன் அல்லர் எனக் கூறி இலண்டனிலிருந்த அமெரிக்கத் தூதர் மறுத்துவிட்டார்.

அப்படி மறுத்த நாட்டிற்காக, உள்நாட்டுப் போர் மூண்டபோது, கறுப்பினத்தாரைப் படையில் சேருமாறு ஊர்தோறும் அழைத்தார். முதலில் சேர்ந்தவர்களுள் அவருடைய மைந்தர் லூயிசும் சார்லசும் இருந்தனர். அப்போதும் அவர் வாய் மூடவில்லை. வெள்ளைப் படைவீரனுக்கு மாதம் 13 டாலர். கறுப்பனுக்கு 10 டாலர், அதிலும் உடைக்காக 3 டாலர் பிடித்தம். 1863 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் லிங்கனை நேரில் கண்டு இதனை முறையிட்டார். 1864இல் ஊதியம் சமமாக்கப்பட்டது.

லிங்கனிடம் அவருக்கு அன்பு மிகுதி. ஆயினும் 1876இல் லிங்கன் சிலைத் திறப்பில், குடியரசுத் தலைவர் கிராண்ட் முன்னிலையில், லிங்கன் முதலில் வெள்ளையரின் தலைவராகவே இருந்தார் என்பதை மறைக்காமல் கூறினார். அதன்பின் அவருடைய பெருமையையும் குறைவின்றிக் கூறினார். சிலைத் திறப்பு விழாக்களில் இத்தகைய உரையை நாம் கேட்பது அரிது.

1877இல் தலைநகரில் அரசுப் பதவி பெற்றார். தென்மாநிலங்களில் கறுப்பருக்குக் காவலாக நின்ற கூட்டாட்சிப் படைகள் அவ்வாண்டுதான் விலக்கிக்கொள்ளப்பட்டன. பதவி தந்த அரசை அப்போது அவர் போதிய அளவு கடியவில்லை என்பது அவர்மீது வைக்கப்படும் குறை, அக்குறையில் உண்மையுண்டு. ஆயினும் அவ்வாண்டே வாஷிங்டன் நகரின் போக்கைச் சாடிப் பேசி, அவரைப் பதவி நீக்குமாறு நகரத்தார் விண்ணப்பிக்கும் நிலையையும் வருவித்துக்கொண்டார். 1883இல் குடியுரிமைச் சட்டத்தை உச்சநீதிமன்றம் செல்லாதாக்கியபோது, அரசுப் பதவியில் இருந்தவாறே அத்தீர்ப்பைக் கண்டித்தார்.

1893இல் சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்தது. அதன் ஏற்பாட்டில் கறுப்பின அமெரிக்கருக்கு உரிய இடம் தரப்படவில்லை. முன்னர் ஹைத்தி நாட்டில் அமெரிக்கத் தூதராக இருந்த டக்ளசை ஹைத்தி அரசு தன் அரங்கின் பொறுப்பாளராக அமர்த்தியது. அடிமைகள் போராடி நிறுவிய அக்குடியரசின் அரங்கில் அமர்ந்துகொண்டு, தம் சொந்த நாட்டின் கண்காட்சியில் தம் மக்கள் ஏன் இல்லை என்பதை விளக்கும் சிறுநூலை, ஐடா பி. வெல்ஸ் என்னும் பெண் இதழாளரோடு இணைந்து வருவோர்க்கு வழங்கினார். அப்போது அவருக்கு வயது 75.

மறு ஆண்டு, கும்பல் கொலைகளைக் கண்டித்து வாஷிங்டனில் நீண்டதோர் உரை ஆற்றினார். 1895 பிப்ரவரி 20ஆம் நாள் பகலில் பெண்கள் உரிமை மாநாடு ஒன்றில் கலந்துகொண்டு இல்லம் திரும்பியவர், அன்று மாலை காலமானார். அவருடல் ராச்செஸ்டர் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டு அங்கே அடக்கம் செய்யப்பட்டது.