அகதிகளின் காவலர் நான்சன்

பாரதப் போர் பதினெட்டு நாளில் முடிவெய்தியது. ஆயினும் வெற்றி பெற்ற தருமபுத்திரர் அகமகிழ்ந்து அரியணை ஏறினாரல்லர். கணவரையும் மைந்தரையும் இழந்த மகளிரின் அழுகுரலே அவர் செவியில் நிறைந்து நின்றது. போர் முடியும் நாள் வேறு, போரின் துன்பம் முடியும் நாள் வேறு என்பதை நம் முன்னோர் அக்கதை வாயிலாக உணர்த்தியுள்ளனர். அவ்வுண்மையை நன்கு உணர்ந்து, இருபதாம் நூற்றாண்டிலே போருக்குப் பிந்திய துன்பத்தைத் துடைப்பதற்கே தம் முதுமையை ஈந்த பெரியார் ஒருவரின் வரலாற்றை இங்கு நாம் சுருக்கமாக நோக்குவோம். அவரே நோர்வே நாட்டிற் பிறந்த பிரித்யோப் நான்சன்.

நான்சன் 1861 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 10 ஆந் திகதி, இன்று ஒஸ்லோ என வழங்கும் கிறிஸ்தியானியா நகரின் அயலிலே பிறந்தார். தந்தையார் ஒரு சட்டத்தரணி. சிறு பராயம் முதலே பனிச்சறுக்கிலும் காடு மலைகளிலும் பழகிய இவர், பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பயின்று, நரம்பு மண்டலம் பற்றிய ஆராய்ச்சிக்காக 1888 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அதே ஆண்டில், எவரும் அதுவரை குறுக்கே கடந்திராத கிரீன்லாந்தின் பனிமேட்டைத் துணைவர் ஐவருடன் கடக்கப் புறப்பட்டார். மக்கள் குடியிருப்புக்கள் மேற்குக் கரையில் இருந்தன. நான்சனோ ஆளரவம் குறைந்த கிழக்குக் கரையிலிருந்தே தொடங்கினார். திரும்பிச் செல்ல இடமில்லையாயின், முன்னே செல்வதன்றி வேறு வழியில்லை என்பது அவர் கொண்ட முறை. பின்னாளிலும் அவர் இம்முறையைக் கைவிடவில்லை.

1893 இல், பனிக்கட்டி நெருக்கினும் நொறுங்காது மேலெழும்பும் வண்ணம் கட்டப்பெற்ற பிராம் என்னும் கப்பலில் வடதுருவக் கடலுட் புகுந்தார். கப்பல் பனியில் உறைந்து, நீரோட்டத்தோடு மெல்ல மெல்ல நகர்ந்தது. 1895 மார்ச் மாதத்தில் யோகான்சன் என்னும் துணைவருடன் கப்பலை விட்டிறங்கி வடக்கு நோக்கிச் சென்று, மாந்தர் எவரும் அதுவரை எட்டாத 86 பாகை 14 கலை வட அகலக்கோட்டை அடைந்தார். மீளும் வழியில் கல்லும் விலங்குத் தோலும் கொண்டு அமைத்த குடிலொன்றில் மாரிகாலம் முழுவதையும் இருவரும் கழித்தனர். 1896 இல் நாடு திரும்பிய அவரை நோர்வே மக்கள் தங்கள் வீரராகக் கொண்டாடினர். 1905 இல் நோர்வே சுவீடனிலிருந்து பிரிந்து தனியரசானபோது அம்முயற்சியில் முன்னின்று உழைத்தார். 1906 முதல் 1908 வரை இலண்டனில் தம் நாட்டின் தூதுவராக விளங்கினார். பின்னர் கடலாராய்ச்சியில் மூழ்கினார். அத்துடன் நின்றிருந்தாலும் அவர் பெயர் நிலைத்தேயிருக்கும்.

1914 இல் முதலாம் உலகப் போர் மூண்டது. நோர்வே அதிற் கலந்துகொள்ளவில்லை. எனினும் கடல்வழி வரும் தானியம் தடைப்பட, போரிடாத அந்நாட்டையும் உணவுப் பஞ்சம் அச்சுறுத்தியது. நான்சன் அமெரிக்கா சென்று, நெடுநாட் பேசி, 1918 இல் உணவு பெறுவதற்கான உடன்படிக்கையைச் செய்து முடித்தார். போர் என்பது போரிடுவோரை மட்டும் சுடும் நெருப்பன்று என்பதை அவர் நேரிற் கண்ட முதற் பாடம் இதுவெனலாம்.

1918 நவம்பரில் பீரங்கிகள் ஓய்ந்தன. ஆனால் 1920 ஆம் ஆண்டிலும் இலட்சக்கணக்கான போர்க்கைதிகள் வீடு திரும்பவில்லை. அவருட் பெரும்பாலார் இரஷ்யாவிலும் சைபீரியாவிலும் குளிரிலும் பசியிலும் நோயிலும் மடிந்துகொண்டிருந்தனர். போரில் ஈடுபட்ட அரசுகள் சில மறைந்தே போயின. எஞ்சியவை ஒன்றையொன்று நம்பவில்லை. சர்வதேச சங்கம் இவ்வேலையை நான்சனிடம் ஒப்படைத்தது. சோவியத் அரசு அச்சங்கத்தை ஏற்க மறுத்தது. ஆயினும் நான்சன் என்னும் தனிமனிதரோடு பேச இசைந்தது. ஒருவருடைய நேர்மைக்கு இதனினும் பெரிய சான்று வேண்டுமோ? குறைந்த பணத்தோடு கப்பல்களைத் திரட்டி, 1922 ஆம் ஆண்டளவில் 427,886 கைதிகளை அவரவர் நாட்டிற் சேர்த்தார். அத்தனை வீடுகளில், இறந்தான் என்று கைவிட்ட மகனோ கணவனோ வாசலில் வந்து நின்றதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இவ்வேலை முடியுமுன்னரே 1921 இல் வொல்கா நதிப் பிரதேசத்திற் பெரும்பஞ்சம் தோன்றியது. உலகப் போரும் அதனைத் தொடர்ந்த உள்நாட்டுப் போரும் உழவை அழித்திருந்தன; மழையும் பொய்த்தது. நான்சன் சர்வதேச சங்கத்தின் முன் நின்று அரசுகளிடம் பணம் வேண்டினார். போல்ஷெவிக் ஆட்சியை அவ்வுதவி வலுப்படுத்தும் என அஞ்சி அவை மறுத்தன. அவர் தளரவில்லை. பஞ்சம் பிடித்த ஊர்களை நேரிற் பார்த்து, அங்கெடுத்த படங்களை ஊரூராகக் காட்டிப் பொதுமக்களிடம் உதவி திரட்டினார். அமெரிக்க நிவாரணச் சபை பெரும்பங்கு உணவை வழங்கியது. இத்தனைக்கும் பின்னும் சுமார் ஐம்பது இலட்சம் மக்கள் மாண்டனர் என வரலாற்றாசிரியர் கணிப்பர். அரசியற் பகைமை உதவிக் கரத்தைப் பிடித்திழுக்கும்போது மாள்வோர் அரசியலறியாச் சிறுவரே.

நான்சனின் பெயரை என்றும் நிலைநிறுத்திய பணி இனித்தான் வருகின்றது. புரட்சியாலும் உள்நாட்டுப் போராலும் இரஷ்யாவை விட்டு ஓடியோர் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர். 1921 டிசம்பரில் சோவியத் அரசு அவர்களுட் பெரும்பாலாரின் குடியுரிமையை நீக்கியது. அதன்பின் அவர்கள் எந்நாட்டவருமல்லர். கடவுச்சீட்டில்லாதவன் எல்லையைக் கடத்தல் இயலாது. கடவாது நிற்பவனுக்கோ அங்கே வேலையில்லை. சோற்றையும் கூரையையும் கொடுத்தாலும் இன்னாரென்று சொல்லும் ஒரு தாள் இல்லையேல் மனிதன் வாழ முடியாது என்பதை நான்சன் உணர்ந்தார். 1922 ஜூலையில் ஜெனீவாவிற் கூடிய மாநாட்டில் அவர் முயற்சியால் ஓர் அடையாளப் பத்திரம் உருவாயிற்று. நான்சன் கடவுச்சீட்டு என வழங்கிய அதனைக் காலப்போக்கில் ஐம்பதுக்கு மேற்பட்ட அரசுகள் ஏற்றன. 1924 முதல் ஆர்மீனிய அகதிகளும் அதனைப் பெற்றனர். இசைமேதை ஸ்திராவின்ஸ்கியும் ஓவியர் சகாலும் அதனைத் தாங்கி வாழ்ந்தோரே. பெயர் தெரியாத ஏழைத் தொழிலாளருக்கும் அதே தாளே துணையாயிற்று.

1922 இல் நோபல் சமாதானப் பரிசு அவருக்குக் கிடைத்தது. அப்பணத்தை நிவாரண வேலைக்கே கொடுத்துவிட்டார்.

அவர் கைப்பட்ட யாவும் இனிதே முடிந்தன என நாம் சொல்லமாட்டோம். கிரேக்கரும் துருக்கியரும் பொருத போரின் முடிவில், 1923 ஜனவரியில் லோசான் நகரில் மக்கட் பரிமாற்ற உடன்படிக்கை ஒன்று கைச்சாத்தாயிற்று. அவ்வழியை எடுத்துரைத்தவருள் நான்சனும் ஒருவர். சுமார் பன்னிரண்டு இலட்சம் கிறிஸ்தவர் கிரீசுக்கும், நான்கு இலட்சம் வரையான முஸ்லிம்கள் துருக்கிக்கும் உரியவராயினர். மொழியைப் பாராது சமயத்தையே அளவுகோலாகக் கொண்டமையால், கிரேக்கம் அறியாத கிறிஸ்தவர் கிரீசிலும், துருக்கி மொழி அறியாத முஸ்லிம்கள் துருக்கியிலும் போய் விழுந்தனர். மேலும் படுகொலைகள் நேராவண்ணம் காக்கக் கொண்ட வழி அது. ஆயினும் பிறந்த மண்ணை விருப்பின்றித் துறந்தோரின் ஏக்கம் தலைமுறைகளாகத் தொடர்ந்தது. போர் விட்டுச் செல்லும் முடிச்சுக்களுள் நல்லவர் கைக்கும் முற்றாக அவிழாதன உள. அவ்வாறே, ஆர்மீனியரைக் குடியேற்ற 1925 இல் அவர் வகுத்த நீர்ப்பாசனத் திட்டத்துக்குச் சர்வதேச சங்கம் பணம் வழங்கவில்லை. இறுதி வரை அதற்காக அவர் மன்றாடினார்.

1930 மே 13 ஆந் திகதி, தமது அறுபத்தெட்டாவது வயதில், நான்சன் தம் இல்லத்திற் காலமானார். நோர்வேயின் தேசிய தினமாகிய மே 17 இல் அவரது இறுதிச் சடங்கு நடைபெற்றது. அவர் பெயரால் அமைந்த அகதிகள் அலுவலகம் 1938 இல் நோபல் பரிசு பெற்றது. அடுத்த ஆண்டே இரண்டாம் உலகப் போர் மூண்டது. எனினும் அவர் இட்ட விதை அழியவில்லை. 1951 ஆம் ஆண்டின் அகதிகள் சாசனமும், ஐக்கிய நாடுகளின் அகதிகள் நிறுவனமும் அதன் கிளைகளே. அந்நிறுவனம் 1987 முதல் நம் இலங்கையிலும் பணியாற்றியதை நம்மவர் அறிவர்.

போரின் வடு எத்தகையது என்பதை நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2009 இல் வெடியோசை ஓய்ந்தது. காணாமற்போனோரைத் தேடுவோரின் கண்ணீர் அன்றோடு ஓயவில்லை. பலமுறை இடம்பெயர்ந்து பிறப்புச் சான்றிதழையும் காணி உறுதியையும் இழந்து, அலுவலக வாசல்களிற் கால்கடுக்க நின்ற முதியோரை நம் ஊர்களில் நாம் கண்டிருக்கின்றோம். துருவத்தைத் தேடிச் செல்வது நம்மனைவர்க்கும் இயலாது. எழுத்தறியாத ஒரு தாய்க்குப் படிவமொன்றை நிரப்பிக் கொடுத்து, அவளுடன் அலுவலகம் வரை சென்று, வேலை முடியும்வரை உடன் நிற்பது நம் வாலிபர் எவர்க்கும் இயலும். நான்சன் செய்த பெரும்பணியும் அடிப்படையில் அதுவேயாகும்.