அணையாத சூளை கண்ட ஹாப்மன்

சுண்ணாம்புக் காளவாயைப் பார்த்திருப்பீர்கள். கல்லையும் கரியையும் அடுக்கித் தீ வைப்பார்கள். கல் வெந்து, சூடு ஆறிய பிறகு சுண்ணாம்பை அள்ளுவார்கள். பிறகு மறுபடி அடுக்கி, மறுபடி தீ மூட்ட வேண்டும். அத்தனை சூடும் காற்றோடு போய்விடும். காசைக் கரியாக்குவது என்பது இதுதான்!

இந்த வீண் செலவைக் குறைக்க வழி கண்டவர், பிரெடரிக் ஹாப்மன்.

அவர் 1818-ம் ஆண்டு, ஜெர்மனியில் கிரோனிங்கன் என்ற ஊரில் பிறந்தார். பெர்லினில் கட்டிடக் கலை படித்தார். ரெயில் பாதை வேலையில் சேர்ந்தார். ரெயில் போகும் வழியெல்லாம் பாலம், ஸ்டேஷன் கட்ட வேண்டும். அதற்குச் செங்கலும் சுண்ணாம்பும் மலை மலையாகத் தேவை.

1858-ல் ஹாப்மன் ஒரு புதிய சூளைக்கு அரசாங்கத்திடம் தனி உரிமை பெற்றார்.

நெருப்பு நடந்தது!

அது வட்டமான சூளை. சுற்றிலும் வரிசையாக அறைகள். நெருப்பு ஓர் அறையில் எரியும். அதன் சூடான புகை, முன்னால் உள்ள அறைகளில் புகுந்து, வேகாத கல்லைச் சூடாக்கிவிட்டுப் புகைபோக்கிக்குப் போகும். பின்னால் உள்ள அறைகளில் வெந்த கல் இருக்கும். வெளிக்காற்று அதன் மேல் பட்டு, அதை ஆற வைத்து, தானும் சூடேறி நெருப்பிடம் வரும். போகிற சூடும் வீணில்லை; வருகிற காற்றும் குளிரில்லை. கரி ஏராளமாக மிச்சமானது.

மேல்தளத்தில் உள்ள துவாரங்கள் வழியாகக் கரி போடுவார்கள். ஓர் அறை வெந்ததும் நெருப்பு அடுத்த அறைக்கு நகரும். ஆறிய அறையைக் காலி செய்து புதுக் கல் அடுக்குவார்கள். அதற்குள் நெருப்பு ஒரு சுற்று வந்துவிடும். அணைக்கவே வேண்டாம்!

1867-ல் பாரிஸ் பொருட்காட்சியில் ஹாப்மனுக்குப் பெரும் பரிசு கிடைத்தது. ஆனால் மூன்றே ஆண்டுகளில் பேரிடி விழுந்தது. ஆர்னால்டு என்பவர் 1839-லேயே இதுபோன்ற சூளை கட்டியிருந்தார் என்று கூறி, 1870-ல் தனி உரிமையை ரத்து செய்துவிட்டார்கள். வேறு யாராக இருந்தாலும் ஒடிந்து போயிருப்பார்கள். ஹாப்மன் தொழிலை விடவில்லை. உரிமை போனாலும் பெயர் போகவில்லை. உலகம் அதை ஹாப்மன் சூளை என்றே அழைத்தது.

22 அறைகள்

இங்கிலாந்தில் அப்போது விக்டோரியா ராணி ஆட்சி. யார்க்சயரில் லாங்கிளிப் என்ற ஊரில், சுண்ணாம்புப் பாறைக் குன்றை ஒட்டி, 1873-ல் ஒரு ஹாப்மன் சூளை கட்டினார்கள். நீண்ட வடிவம், 22 அறைகள். நெருப்பு ஒரு சுற்று வர ஏறக்குறைய ஆறு வாரம் ஆகும். பக்கத்திலேயே ரெயில் பாதையும் வந்தது. சுண்ணாம்பு வெளியூர்களுக்குப் போயிற்று.

கரி மிச்சமானது; ஆள் பாடு குறையவில்லை. அடுத்த அறையில் நெருப்பின் அனல். இந்த அறையில் மனிதர்கள் சூடான சுண்ணாம்பை அள்ளினார்கள். வியர்வை பட்டால் அது கொதிக்கும், தோலைப் புண்ணாக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. இந்தக் கஷ்டத்துக்கு ஹாப்மன் சூளையிலும் வழி இல்லை.

1900-ம் ஆண்டு டிசம்பரில் ஹாப்மன் பெர்லினில் காலமானார். லாங்கிளிப்பில் அவர் பெயர் தாங்கிய சூளை எரிந்துகொண்டுதான் இருந்தது. 1931-ல்தான் அதை மூடினார்கள். பிறகு 1937-ல் மூட்டி, 1939-ல் அணைத்தார்கள். உயரமான புகைபோக்கியை இடிக்க 1951-ல் நாள் குறித்தார்கள். அதற்குள் அது தானாகவே விழுந்துவிட்டது! சூளை மட்டும் நிற்கிறது. நெருப்பு சுற்றிய பாதையில் இப்போது மக்கள் நடந்து பார்க்கிறார்கள்.