கே. சி. எஸ். பணிக்கர்

கே. சி. எஸ். பணிக்கர் (1911–1977) சென்னையில் வாழ்ந்து பணியாற்றிய இந்திய ஓவியர், ஓவிய ஆசிரியர் ஆவார். தென்னிந்தியாவில் நவீன ஓவியம் வேரூன்றக் காரணமானவர்களுள் முதன்மையானவர். சென்னைக்கு அருகே ஈஞ்சம்பாக்கத்தில் அமைந்த சோழமண்டல ஓவியர் கிராமத்தை நிறுவியவரும் இவரே.

இளமையும் கல்வியும்

பணிக்கர் 1911 மே 31 அன்று கோயம்புத்தூரில் பிறந்தார். குடும்பத்தினர் கேரளத்தின் பொன்னானி வட்டாரத்தைச் சேர்ந்தவர்கள். சிறுவயதிலேயே நிலக்காட்சிகளை வரையத் தொடங்கிய இவர், பதினேழாம் வயதில் சென்னை நுண்கலைக் கழகக் கண்காட்சியில் தம் ஓவியங்களை வைத்தார். தந்தையின் மறைவால் படிப்பை நிறுத்திவிட்டுத் தந்தித் துறையில் வேலைக்குச் சேர நேர்ந்தது. ஓவியம் வரைந்து வயிறு வளர்க்க முடியுமா என்னும் கேள்வியை இளமையிலேயே சந்தித்த அவரைப் பிற்காலத்திலும் அக்கேள்வி விடவில்லை.

பின்னர் அவ்வேலையைத் துறந்து, 1936ல் சென்னை அரசு கலை மற்றும் கைத்தொழில் பள்ளியில் சேர்ந்தார். 1850ல் தொடங்கப்பட்ட அப்பள்ளிக்கு அப்போது முதல்வராக இருந்தவர், மெரினா கடற்கரையில் உள்ள உழைப்பாளர் சிலையைப் பின்னாளில் வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி. படிப்பை முடித்த பணிக்கர் அங்கேயே ஆசிரியரானார். 1957 முதல் 1967 வரை முதல்வராகவும் இருந்தார். 1944ல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தோற்றுவித்தார்.

ஓவிய நடை

தொடக்ககால நீர்வண்ண நிலக்காட்சிகளில் தென்னையும் வாய்க்காலும் ஒளியும் மிகுந்திருந்தன. வான் கோ, கோகன் ஆகியோரின் தாக்கம் அடுத்து வந்தது. கிறித்துவின் வாழ்வு, தாயும் சேயும் போன்ற பொருள்களில் மனித உருவங்களை வரைந்தார். 1954ல் இலண்டனிலும் பாரிசிலும் கண்காட்சிகள் நடத்தியபோது மேலைநாட்டு அருவ ஓவியங்களை நேரில் கண்டார். அவற்றை அப்படியே பின்பற்றினால் தமது ஓவியம் இரவல் ஓவியமாகிவிடும். பழைய அசந்தாவுக்குத் திரும்பினாலும் அது தம் காலத்து ஓவியம் ஆகாது. இவ்விரண்டுக்கும் நடுவே தமக்கென ஒரு வழி காண அவருக்கு ஏறத்தாழப் பத்தாண்டுகள் பிடித்தன.

1963 அளவில் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் ஓவியத் தொடரே அவ்வழி. மாணவர் ஒருவரின் கணக்குக் குறிப்பேட்டுப் பக்கங்கள் இதற்குத் தூண்டுதலாக இருந்தன. மலையாள எழுத்தை ஒத்த வரிகள், சாதகக் கட்டங்கள், எண்கள், சிறு விலங்குருவங்கள் ஆகியவை திரையெங்கும் ஓலைச்சுவடிபோல் நிறைந்திருக்கும். அவ்வரிகளைப் படிக்க இயலாது. படிப்பதற்காக அவர் எழுதவும் இல்லை. எழுத்தின் கோட்டழகே இங்கு ஓவியமாகிறது. சிலர் இத்தொடரைத் தாந்திரிக ஓவியம் என வகைப்படுத்துவர். ஆனால் இவ்வடிவங்களுக்கு வழிபாட்டுப் பொருள் தேடுவது அவற்றின் போக்குக்கு ஒவ்வாதது.

சோழமண்டலம்

அக்காலச் சென்னையில் ஓவியம் வாங்குவோர் மிகக் குறைவு. பள்ளியில் தேறியவர்களுள் பலர் நெசவாளர் சேவை மையம் போன்ற இடங்களில் வேலை தேடினர். வேறு சிலர் தூரிகையையே கைவிட்டனர். மாணவர்கள் கைத்தொழிலால் பொருளீட்டி, எஞ்சிய நேரத்தில் தம் விருப்பப்படி ஓவியம் தீட்டலாம் என்பது பணிக்கரின் திட்டம். மெழுகு தடவிச் சாயமேற்றும் பாட்டிக் துணிகளை அவர்கள் செய்து விற்றனர். அவ்வருவாயைக் கொண்டு கடலோரத்தில் நிலம் வாங்கப்பட்டு, 1966ல் ஓவியர் கிராமம் உருவானது. ஓவியர்கள் தம் வீடுகளைத் தாமே அமைத்துக்கொண்டனர். சே. சுல்தான் அலி, எஸ். ஜி. வாசுதேவ், எம். சேனாதிபதி, கே. இராமானுசம் முதலியோர் அங்கு பணியாற்றினர். பணிக்கரின் மகனும் சிற்பியுமான எஸ். நந்தகோபால் (1946–2017) பிற்காலத்தில் அக்கிராமத்தை வழிநடத்தினார். கலைஞர் குடியிருப்புகள் பல சில ஆண்டுகளிலேயே கலைந்துபோக, இது அரை நூற்றாண்டைக் கடந்தும் நிலைத்துள்ளது. அருளாளர் எவரது கொடையையும் நம்பாமல், செய்பொருளை விற்று வாங்கிய நிலத்தில் எழுந்தது இதற்கு ஒரு காரணமாகலாம்.

இறுதிக்காலம்

இந்திய லலித் கலா அகாதமி 1976ல் பணிக்கருக்குத் தன் உயரிய மதிப்பான பேராளர் தகுதியை வழங்கியது. மறு ஆண்டு சனவரியில் அவர் சென்னையில் காலமானார். அவருடைய ஓவியங்களுக்கென 1979ல் திருவனந்தபுரம் நேப்பியர் அருங்காட்சியக வளாகத்தில் தனிக் காட்சிக்கூடம் அமைக்கப்பட்டது. பணிக்கரின் ஓவியங்களை நேரில் காண விரும்பும் குழித்துறை, மார்த்தாண்டம் பகுதி மாணவர்களுக்குச் சென்னையைவிட இதுவே மிக அருகில் உள்ளது.