முட்டுக்கட்டையும் வாக்குச்சீட்டும்

பொதுநிதியியல் பாடம் நடத்திய காலத்தில், விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதிநிலை அறிக்கையைத் தாக்கல் செய்தவர் யார் என்று ஆண்டுதோறும் மாணவர்களிடம் கேட்பது என் வழக்கம். பெயரைச் சரியாகச் சொன்ன மாணவர்கள்கூட, அவர் தங்கள் கோயம்புத்தூரில் பிறந்தவர் என்பதை அறிந்திருக்கவில்லை. ஆர்.கே. சண்முகம் செட்டியாரை நிதியமைச்சர் என்ற ஒற்றை அடையாளத்துக்குள் நாம் அடக்கிவிட்டோம். அந்தப் பதவியில் அவர் இருந்தது ஏறத்தாழ ஓராண்டுதான். அதற்கு முன் ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகள் அவர் சட்ட அவைகளில் இருந்தார். அரசின் பணிகளை அவைக்குள் தடுப்பதையே கொள்கையாகக் கொண்ட கட்சியின் கொறடாவாக இருந்தவர், பின்னாளில் அதே அவையின் தலைவராக அமர்ந்தார். அவைகள் முடங்குவதும், விவாதமின்றிச் சட்டங்கள் நிறைவேறுவதும் அன்றாடச் செய்தியாகிவிட்ட இந்நாளில், அந்த வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பது பயன் தரும்.

1892 அக்டோபர் 17 அன்று கோவையின் வணிகக் குடும்பம் ஒன்றில் பிறந்தார் சண்முகம் செட்டியார். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் பயின்றார். 1917இல் கோவை நகராட்சி உறுப்பினரானார். துணைத் தலைவராகவும் பணியாற்றினார். 1920இல் நீதிக்கட்சியின் சார்பில் சென்னை மாகாண சட்ட மேலவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

தேர்ந்தெடுக்கப்பட்டார் என்று எழுதும்போது, தேர்ந்தெடுத்தவர்கள் யார் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஏறத்தாழ 4 கோடி மக்கள் வாழ்ந்த சென்னை மாகாணத்தில் அன்று வாக்குரிமை பெற்றிருந்தோர் சுமார் 12.5 லட்சம் பேர். அதாவது நூற்றுக்கு மூவர். நிலம், வரி, சொத்து ஆகியவையே வாக்காளரின் தகுதிகள். கொங்கு மண்ணில் ஏற்றம் இறைத்தவருக்கும், கோவையின் பஞ்சாலைகளில் நூல் நூற்றவருக்கும் அந்தத் தேர்தலில் இடமில்லை. பெண்களுக்கும் இல்லை. அவர் உறுப்பினராக இருந்த அந்த அவைதான் 1921 ஏப்ரலில், ஆண்களுக்குரிய அதே தகுதிகளின் அடிப்படையில் பெண்களுக்கும் வாக்குரிமை வழங்கத் தீர்மானித்தது. இந்திய மாகாணங்களில் இதை முதலில் செய்தது சென்னையே. வாக்குரிமை வானத்திலிருந்து விழுந்ததன்று; அவைகளில் தீர்மானமாக வந்து, வாக்கெடுப்பில் வென்று, படிப்படியாக விரிந்தது.

1922இல் மேலவையிலிருந்து விலகிய அவர், 1924இல் மத்திய சட்டப்பேரவைக்குச் சென்றார். சேலம், கோவை, வடஆற்காடு என்ற மூன்று பெரிய மாவட்டங்களும் சேர்ந்து ஒரே தொகுதியாக இருந்த காலம் அது. சித்தரஞ்சன் தாஸும் மோதிலால் நேருவும் 1923இல் தொடங்கிய சுயராஜ்யக் கட்சியில் இணைந்து, அவையில் அக்கட்சியின் தலைமைக் கொறடாவானார்.

சுயராஜ்யக் கட்சியின் வழி தனித்தன்மை உடையது. சட்டமன்றங்களைப் புறக்கணிக்க வேண்டாம். உள்ளே சென்று, அரசின் ஒவ்வொரு நடவடிக்கைக்கும் இடைவிடாமல் முட்டுக்கட்டை போடுவோம் என்பதே அதன் திட்டம். இதற்கு அயர்லாந்து முன்மாதிரியாக இருந்தது. பார்னெல் தலைமையிலான ஐரிஷ் உறுப்பினர்கள், முடிவே இல்லாமல் பேசி லண்டன் நாடாளுமன்றத்தைத் திணறடித்தனர். 1881இல் ஏறத்தாழ 41 மணி நேரம் நீடித்த அமர்வை அவைத் தலைவர் தம் சொந்தப் பொறுப்பில் முடித்துவைத்தார். விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குச் செல்லும் விதி அந்த நெருக்கடியில்தான் பிறந்தது. இந்திய அவைகளின் விதிகளுக்கும் அதுவே மூலம்.

1924இல் மத்திய சட்டப்பேரவை அரசின் மானியக் கோரிக்கைகள் சிலவற்றை நிராகரித்தது. நிதி மசோதாவையே ஏற்க மறுத்தது. ஆனாலும் அரசு கவிழவில்லை. 145 உறுப்பினர்களில் 41 பேர் நியமனம் பெற்றவர்கள். ராணுவம், கடன் வட்டி போன்ற பெருஞ்செலவுகள் வாக்கெடுப்புக்கே வருவதில்லை. அவை நிராகரித்த மசோதாவையும் தம் சான்றளிப்பால் சட்டமாக்கும் அதிகாரம் வைஸ்ராயிடம் இருந்தது. நிதி மசோதா அப்படித்தான் சட்டமானது.

பெரும்பான்மை கிடைத்தாலும் ஆட்சியை மாற்ற முடியாத அவையில், வாக்கெடுப்பில் வெல்வது எதையும் முடிவு செய்யாது. ஆகவே, அங்கு முட்டுக்கட்டைக்கு ஓர் அறம் இருந்தது. வாக்குரிமை இல்லாத நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேரின் பெயரால், எவருக்கும் பதில் சொல்லக் கடமைப்படாத நிர்வாகத்தின் வழியை மறிப்பது அது. தடுத்து நிறுத்த முடியாவிட்டாலும், அந்த ஆட்சி மக்களின் ஒப்புதலால் நடப்பதன்று என்பதை உலகுக்குக் காட்ட முடிந்தது.

அவை விதிகள் வெறும் சடங்குகள் அல்ல என்பதும் அக்காலத்திலேயே புலப்பட்டது. அதே கட்சியைச் சேர்ந்த வித்தல்பாய் படேல் 1925இல் அவையின் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் தலைவரானார். 1929இல் அரசின் பொதுப் பாதுகாப்பு மசோதாவை, மீரட் சதி வழக்கு விசாரணையில் இருப்பதைச் சுட்டிக்காட்டி, விவாதத்துக்கு எடுக்க இயலாது என அவர் தீர்ப்பளித்தார். அரசு அவசரச் சட்டத்தை நாட வேண்டியதாயிற்று. கூச்சலால் முடியாதது ஒரு விதியால் முடிந்தது.

சண்முகம் செட்டியாரின் பாதை பின்னர் திரும்பியது. காங்கிரஸ் சட்டமன்றங்களை விட்டு வெளியேறியபோது அவர் உள்ளேயே இருந்தார். 1931இல் துணைத் தலைவரானார். 1932இல் ஒட்டாவாவில் நடந்த பேரரசுப் பொருளாதார மாநாட்டில் இந்தியப் பிரதிநிதிகளுள் ஒருவராகப் பங்கேற்றார். பிரிட்டிஷ் பொருள்களுக்குச் சுங்கத்தில் சலுகையளித்த அந்த ஒப்பந்தத்தை ஆதரித்து நின்றதும், பின்னர் பெற்ற 'சர்' பட்டமும், தேசியவாதிகள் பலரிடமிருந்து அவரை விலக்கின.

1933 மார்ச்சில் அவர் அவைத் தலைவரானார். வழியை மறித்தவர் கையில் வழியைத் திறக்கும் பொறுப்பு வந்தது. இந்திய ரிசர்வ் வங்கியை உருவாக்கிய மசோதா, அவர் தலைமை வகித்த அவையில்தான் 1933 டிசம்பரில் நிறைவேறியது. பேச விரும்பும் சிறுபான்மைக்கு நேரம் தருவது, பேசி முடித்தபின் வாக்கெடுப்பைத் தாமதியாமல் நடத்துவது ஆகிய இரண்டும் அவைத் தலைவரின் கடமைகள். முன்னதை விட்டுப் பின்னதை மட்டும் செய்தால் அது அடக்குமுறை. பின்னதை விட்டு முன்னதை மட்டும் செய்தால் அது முடக்கம்.

1934 தேர்தலில் காங்கிரஸ் மீண்டும் களமிறங்கியது. அவைத் தலைவராக இருந்த சண்முகம் செட்டியார், காங்கிரஸ் வேட்பாளர் சாமி வெங்கடாசலம் செட்டியாரிடம் தோற்றார். வாக்குரிமை குறுகியதாக இருந்த அக்காலத்திலும், கையிலிருந்த வாக்கைக் கொண்டு மக்கள் கணக்குக் கேட்டனர். தோல்விக்குப் பின் 1935 முதல் 1941 வரை கொச்சி சமஸ்தானத்தின் திவானாக இருந்தார். 1944இல் பிரெட்டன் உட்ஸ் மாநாட்டில் இந்தியக் குழுவில் இடம்பெற்றார். சிலப்பதிகாரப் புகார்க் காண்டத்துக்கு உரை எழுதியதும் தமிழிசை இயக்கத்தில் ஈடுபட்டதும் தனியே எழுதத்தக்க பகுதிகள்.

விடுதலைக்குப் பின், காங்கிரஸ்காரரல்லாத அவரை நேருவின் அமைச்சரவை நிதிப் பொறுப்புக்கு அழைத்தது. 1947 நவம்பர் 26 அன்று, ஏழரை மாதங்களுக்கான முதல் நிதிநிலை அறிக்கையை அளித்தார். வரவு 171.15 கோடி ரூபாய், செலவு 197.39 கோடி ரூபாய். இருபத்துமூன்று ஆண்டுகளுக்கு முன் எந்த அவை ஒரு நிதி மசோதாவை நிராகரித்தும் பயனில்லாமல் போனதோ, அதன் வாரிசான அவையின் ஒப்புதல் இல்லாமல் இனி ஒரு ரூபாயும் செலவழிக்க இயலாது என்ற நிலை பிறந்திருந்தது. அந்த மாற்றத்தின் கனத்தை அவரே உணர நேர்ந்தது. வருமான வரிப் புலனாய்வு ஆணையத்துக்கு அனுப்பப்பட்டிருந்த சில பெயர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது பெரும் சர்ச்சையாயிற்று. பொறுப்பேற்று, 1948 ஆகஸ்டில் பதவி விலகினார். 1924இல் ஓர் அவை முழுவதும் எதிர்த்தும் அசைக்க முடியாத நிர்வாகத்தை, 1948இல் உறுப்பினர்களின் கேள்விகள் அசைத்தன.

1951-52இல் முதல் பொதுத்தேர்தல் வந்தது. சொத்தும் படிப்பும் கேட்காமல் ஏறத்தாழ 17.3 கோடிப் பேருக்கு வாக்குரிமை கிடைத்தது. அப்போதும் தம் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டும் பதிந்ததால், வட மாநிலங்களில் சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டனர். அத்தேர்தலில் சண்முகம் செட்டியார் சுயேச்சையாகச் சென்னை மாநிலச் சட்டப்பேரவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1953 மே 5 அன்று, அறுபதாம் வயதில் மறைந்தார்.

இந்த வாழ்க்கை நமக்குத் தரும் அளவுகோல் எளியது. முட்டுக்கட்டை நல்லதா, தீயதா என்பது அதை யார், யாருக்காகப் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. வாக்கற்றவர்களுக்காக ஆள்வோரை மறிப்பது ஒன்று. பிறர் வாக்குப் பெறாமல் மறிப்பது முற்றிலும் வேறு. அமெரிக்க மேலவையில் 1957இல் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்கான மசோதாவை எதிர்த்து ஒரு உறுப்பினர் 24 மணி நேரத்துக்கும் மேலாகப் பேசினார். 2022இல் வாக்குரிமைப் பாதுகாப்பு மசோதா, விவாதத்தை முடிக்கத் தேவையான 60 வாக்குகள் கிடைக்காமல் நின்றுபோனது. பார்னெலும் சுயராஜ்யக் கட்சியினரும் ஏந்திய அதே கருவி, அங்கே எதிர்த்திசையில் பாய்ந்தது.

நம் நாடாளுமன்றத்தில் அத்தகைய விதி இல்லை. நமது நோய் வேறு. ஒருபுறம் முழக்கங்களால் அவை முடங்குகிறது. மறுபுறம் அந்த முடக்கத்தையே வாய்ப்பாகக் கொண்டு மசோதாக்கள் நிறைவேறுகின்றன. 2023 மார்ச்சில் சுமார் 45 லட்சம் கோடி ரூபாய்க்கான மானியக் கோரிக்கைகள் மக்களவையில் விவாதமின்றி ஏற்கப்பட்டன. அதே ஆண்டு டிசம்பரில் இரு அவைகளிலுமாக 146 உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டனர். எந்தக் கட்சி ஆண்டாலும் இரு தரப்பும் இடம் மாறி இதே வேடங்களை ஏற்கின்றன.

நிதிநிலை அறிக்கையின் மீதான விவாத நேரத்தை விதியால் உறுதிசெய்வதும், எதிர்க்கட்சி தேர்ந்தெடுக்கும் பொருளுக்கென வாரத்தில் ஒரு நாளை ஒதுக்குவதும், வாக்கெடுப்பு கோரப்பட்டால் அதை மறுக்காமல் நடத்துவதும் செய்யக்கூடிய சீர்திருத்தங்களே. சிறுபான்மைக்குக் குரல் உறுதியானால், கூச்சலுக்கு நியாயம் கற்பிக்க முடியாது.

இவை அனைத்துக்கும் அடித்தளம் வாக்காளர் பட்டியல். அதிலிருந்து ஒரு பெயர் தவறாக விடுபட்டால், அவையில் எவ்வளவு சிறந்த விவாதம் நடந்தாலும் அந்த ஒருவருக்கு அது 1920ஆம் ஆண்டு அவைதான். பட்டியல் திருத்தம் நடக்கும் ஒவ்வொரு முறையும், நம் பெயரோடு பக்கத்து வீட்டு முதியவரின் பெயரையும், ஆலைக்கு வேலைக்கு வந்து வாடகைக்குக் குடியிருப்பவரின் பெயரையும் சேர்த்துத் தேடிப் பார்ப்போம். நூற்றுக்கு மூன்று என்பதை நூற்றுக்கு நூறு ஆக்க நாடு பட்ட பாட்டுக்கு அது நாம் செலுத்தும் மிகச் சிறிய வரி.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு), கோவை.