ஒன்பதை எட்டாக்கிய அபே

மைக்ரோஸ்கோப் பற்றிப் படிக்கும்போது எர்ன்ஸ்ட் அபேங்கிற பெயரைப் பார்த்திருப்பீங்க. ஒளியின் அலைநீளத்தில் ஏறக்குறைய பாதியைவிட நெருக்கமா இருக்கும் ரெண்டு புள்ளிகளைச் சாதாரண மைக்ரோஸ்கோப்பால் பிரிச்சுக் காட்ட முடியாதுன்னு 1873-ல் சொன்னவர். பரீட்சைக்கு அது போதும். ஆனா அடுத்த வருஷம் வீட்டிலிருந்தே லேப்டாப்பில் வேலை பார்க்கப் போறவங்க அவரைப் பற்றி இன்னும் கொஞ்சம் தெரிஞ்சுக்கணும்.

அபே 1840-ல் ஜெர்மனியின் ஐசனாக் ஊரில் பிறந்தார். அப்பா நூற்பாலைத் தொழிலாளி. தினமும் 14 மணி நேரம், வேலை அதிகமான நாட்களில் 16 மணி நேரம். நடுவில் சாப்பாட்டு இடைவேளை கிடையாது. சின்னப் பையன் அபே சாப்பாடு எடுத்துட்டுப் போவான். அப்பா மெஷின் பக்கத்திலேயே நின்னு அவசர அவசரமா சாப்பிட்டுட்டு பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பார். நல்ல உடல்வாகு கொண்ட மனுஷன், ஐம்பது வயசு ஆகுறதுக்குள்ளேயே கிழவரா மாறிப்போனார். அபே இதைக் கடைசிவரை மறக்கவில்லை.

ஆலை முதலாளியின் உதவியோடு படித்த அபே, நம்ம வயசில், அதாவது 21 வயசில், டாக்டர் பட்டம் வாங்கினார். யேனா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். 1866-ல் கார்ல் சைஸ் என்ற கருவி தயாரிப்பாளரோடு சேர்ந்தார். அதுவரை லென்ஸ்களை மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்துத்தான் மைக்ரோஸ்கோப் செய்தார்கள். அபே அதைக் கணக்கு போட்டுச் செய்ய வைத்தார். கம்பெனி வளர்ந்தது, அவரும் பங்குதாரர் ஆனார்.

1888-ல் சைஸ் இறந்தார். அடுத்த வருஷமே அபே ஒரு அறக்கட்டளை தொடங்கி, 1891-ல் தன் பங்கை அதற்கே எழுதிக் கொடுத்துவிட்டார். 1896-ல் வந்த அதன் விதிகளில் சம்பளத்தோடு விடுமுறை, ஓய்வூதியம் எல்லாம் தொழிலாளியின் உரிமையா எழுதப்பட்டன. முதலாளி மனசு வைத்துக் கொடுக்கும் சலுகையா இல்லை.

1900-ல் 9 மணி நேர வேலையை 8 ஆகக் குறைத்தார். அதோட விடவில்லை, ஒரு இன்ஜினியர் மாதிரி அளந்தும் பார்த்தார். செய்த எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் 233 பேரின் கணக்கை, மாற்றத்துக்கு முந்தின வருஷம், பிந்தின வருஷம்னு ஒப்பிட்டார். நேரம் குறைந்ததை ஈடுகட்ட மணிக்கு 12.5 சதவீதம் கூடியிருந்தால் போதும். கூடியது 16.2 சதவீதம். அதாவது ஒரு மணி நேரம் முன்னாடியே வீட்டுக்குப் போனவங்க, நாள் கணக்கிலும் முன்பைவிடக் கொஞ்சம் அதிகமாவே செய்திருந்தார்கள்.

இதுக்கு அவர் சொன்ன காரணம் நமக்கு நல்லாப் புரியும். லோடு இல்லாம சும்மா ஓடினாலும் மெஷின் பவர் எடுக்கும். மனுஷனும் அப்படித்தான். வேலை நடக்குதோ இல்லையோ, ஒரே இடத்தில் கவனமா இருப்பதே உடம்பைத் தேய்க்கும். அந்த வெட்டி ஓட்டத்தைக் குறைத்தால் மிச்சமாகும் சக்தி வேலைக்குப் போகும்.

அபே காலத்துத் தொழிலாளி ஃபேக்டரி கேட்டைத் தாண்டினால் அன்றைய வேலை முடிஞ்சது. வீட்டு வேலையில் கேட்டே இல்லை. ராத்திரி பத்து மணிக்கு வரும் மெசேஜுக்காகக் காத்திருப்பது, பெயர் பக்கத்தில் பச்சைப் புள்ளி அணையாம பார்த்துக்கொள்வது, இதெல்லாம் லோடு இல்லாத ஓட்டம்தான். எப்ப வேணா வேலை செய்யலாம் என்பது எப்பவும் வேலை செய்யணும்னு மாறிவிடுகிறது. இதுக்கு மாசம் ஒரு யோகா வகுப்பு வைத்தால் போதாது. வேலை முடியும் நேரத்தைக் கம்பெனி விதியாவே எழுதணும். உட்கார்ந்த நேரத்தை விட்டுட்டு முடித்த வேலையைப் பார்க்கணும். இன்டர்வியூ முடிவில் ஏதாவது கேள்வி இருக்கான்னு கேட்பாங்க இல்லையா, அங்கே இதைக் கேளுங்க.

மத்தவங்க நேரத்தைக் காத்த அபே, தன் நேரத்தைக் காக்கவில்லை. ஓயாத உழைப்பாலும் தூக்கமின்மையாலும் உடம்பு கெட்டு, 1903-ல் பொறுப்பிலிருந்து விலகினார். 1905 ஜனவரியில், 65 வயசு ஆக ஒன்பது நாள் இருக்கும்போது, யேனாவில் இறந்தார்.