தந்தையை இழந்த சிறுவன், தண்ணீர் தந்த கர்னல்

தை மாதம் பிறந்ததும் கம்பம், கூடலூர், தேனி பக்கத்து வீடுகளில் பொங்கல் பானைக்கு அருகே ஒரு வெள்ளைக்காரரின் படத்துக்கும் மாலை போடுவது வழக்கம். இத் தீவுகளில் வேலை பார்க்கும் நம்மவர்களில் மதுரை, ராமநாதபுரம் சீமைகளிலிருந்து வந்தவர்கள் பலர். அவர்களுக்கு அந்தப் படத்திலிருப்பவரைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர்தான் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய கர்னல் ஜான் பென்னிகுயிக். அணையை அறிந்த அளவுக்கு அவருடைய வாழ்க்கையை நாம் அறிந்திருக்கிறோமா என்றால், இல்லை என்றே சொல்ல வேண்டும்.

பென்னிகுயிக் 1841 ஜனவரி 15ஆம் தேதி புனாவில் பிறந்தார். தந்தையும் ராணுவத்தில் உயர் பதவி வகித்தவர். பஞ்சாபில் சீக்கியர்களுடன் நடந்த போரில், 1849 ஜனவரி 13ஆம் தேதி, சிலியன்வாலா என்ற இடத்தில் தந்தை உயிரிழந்தார். அவருடைய உடலைக் காக்க முயன்ற மகன் அலெக்சாண்டரும் அதே களத்தில் மாண்டார். சிறுவன் ஜானுக்கு எட்டு வயது நிறைய இன்னும் இரண்டே நாட்கள் இருந்தன. குடும்பமோ பெரியது. தலைவனை இழந்த அந்த வீட்டில் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கும் பொறுப்பு தாயின் தலையில் விழுந்தது.

தந்தையையும் தமையனையும் பறிகொடுத்த அதே நாட்டுக்கே அவர் திரும்பி வந்தார். இங்கிலாந்தில் ராணுவப் பொறியியல் படித்து, 1860இல் இந்தியா வந்து சென்னை பொறியாளர் படையில் பணியாற்றினார். 1867-68இல் அபிசீனியப் போருக்கும் சென்று வந்தார். அதன் பிறகு அவருடைய உழைப்பு பெரும்பாலும் சென்னை மாகாணத்தின் பொதுப்பணித் துறையிலேயே கழிந்தது. கிரிக்கெட் ஆட்டத்தில் அவருக்குப் பெரும் ஈடுபாடு உண்டு. 1879இல் கிரேஸ் ஜார்ஜியானா என்ற மங்கையை மணந்தார். ஐந்து பெண்களும் ஓர் ஆணுமாக நிறைந்த குடும்பம் அவருடையது.

மேற்கே ஓடி அரபிக் கடலில் வீணாகக் கலக்கும் பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பலாம் என்ற எண்ணம் புதிதல்ல. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ராமநாதபுரம் சமஸ்தானத்துப் பிரதானி முத்திருளப்ப பிள்ளை அதைப் பற்றி யோசித்து ஆட்களை அனுப்பினார். 1808இல் பார்வையிட்ட ஆங்கிலேய அதிகாரி ஒருவர் முடியாது என்று கைவிட்டார். 1876-78இல் தாது வருஷப் பஞ்சம் வந்து மக்களை வாட்டிய பிறகே அரசு விழித்துக் கொண்டது. திட்டம் தயாரிக்கும் பொறுப்பு 1882இல் பென்னிகுயிக்கிடம் வந்தது. 1886 அக்டோபர் 29ஆம் தேதி திருவிதாங்கூருடன் 999 ஆண்டு குத்தகை ஒப்பந்தம் ஆயிற்று. 8,000 ஏக்கருக்கு, ஏக்கர் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் வாடகை.

1887இல் வேலை தொடங்கியது. யானையும் புலியும் திரியும் அடர்ந்த காடு; விடாத மழை; விஷக் காய்ச்சல். தண்ணீரைத் தடுத்துப் போட்ட கரைகளை வெள்ளம் அடித்துச் சென்றது. மீண்டும் கட்டினார்கள். சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லும் கொண்டு சுமார் 1,200 அடி நீளத்துக்கு அணை எழுந்தது. மலையைக் குடைந்து ஒரு மைலுக்கும் அதிகமான நீளத்தில் சுரங்கம் வெட்டி நீரை வைகைப் பக்கம் விட்டார்கள். 1895 அக்டோபர் 10ஆம் தேதி கவர்னர் வென்லாக் பிரபு அதைத் திறந்து வைத்தார். காய்ச்சலிலும் பிற நோய்களிலும் மாண்ட தொழிலாளர் 483 பேர் என்பது கணக்கு. அவர்கள் பெயர் எந்தப் படத்திலும் இல்லை.

அரசு பணம் தர மறுத்தபோது மனைவியின் நகைகளையும் இங்கிலாந்திலிருந்த சொத்தையும் விற்று அணையை முடித்தார் என்று நம் ஊர்களில் சொல்வதுண்டு. இதற்கு ஆவணச் சான்று இல்லை. கட்டியது அரசுப் பணத்தில்தான். ஆயினும் மக்கள் ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். குடும்பத்துக்காக வீட்டு நகையை அடகு வைத்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். தங்களுக்குத் தண்ணீர் தந்தவர் அதைவிடக் குறைவாகச் செய்திருக்க முடியாது என்பது அவர்கள் முடிவு. நகையை விற்காவிட்டாலும் அவர் பெருமை ஒரு அணுவும் குறையாது.

1896இல் ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பினார். அங்கே கூப்பர்ஸ் ஹில் பொறியியல் கல்லூரிக்கு 1899 வரை தலைவராக இருந்தார். பிரிஸ்பேன் நதியின் வெள்ளத்தைத் தடுக்க யோசனை சொல்ல ஆஸ்திரேலியாவுக்கும் சென்றார். அந்த 1899இல்தான், 58ஆவது வயதில், மகன் பிறந்தான். 1911 மார்ச் 9ஆம் தேதி கேம்பர்லியில் பென்னிகுயிக் காலமானபோது அந்தப் பையனுக்கு 11 வயது. தந்தையைப் போலவே மகனும் சிறு வயதில் தந்தையை இழந்தான். பின்னாளில் அவன் இங்கிலாந்தில் புகழ் பெற்ற நீதிபதியானான்.

கர்னல் ஓய்வு பெற்ற அதே 1896இல்தான் இங்கே செல்லுலர் சிறை கட்டும் வேலை தொடங்கியது. ஒரே அரசாங்கம், ஒரே காலம். அங்கே கட்டியது வயலுக்குத் தண்ணீர் விட்டது; இங்கே கட்டியது மனிதர்களைத் தனித்தனி அறைகளில் பூட்டியது. சிறை இன்று நினைவுச் சின்னம். அணை இன்றும் ஐந்து மாவட்டங்களுக்குச் சோறு போடுகிறது.

2013 ஜனவரி 15இல் லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. கோடையில் குடத்தோடு வரிசையில் நிற்கும் நமக்குத் தண்ணீரின் மதிப்பைச் சொல்ல வேண்டியதில்லை. தனிக்காரி அணையின் நீர் நம் குழாயில் வரும்போது, அதைக் கட்டிய பெயர் தெரியாத கைகளையும் ஒரு கணம் நினைப்போம். ஊரில் பொங்கல் வைக்க முடியாதவர்கள் இங்கேயே கர்னலை நினைத்து ஒரு பிடி அரிசி கூடுதலாகப் போடலாம். அவரும் உறவைப் பிரிந்து கடல் கடந்து வந்து உழைத்தவர்தானே.